முத்துசுவாமி தீட்சிதரையும் அவர் காலத்தையும் சிறுவர்களுக்கு அறிமுகப்படுத்துதல்: முழுமையான வழிகாட்டி

ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள, இசைப் பயிற்சி இல்லாத, ஆனால் தமிழைத் தடையின்றி வாசிக்கக்கூடிய சிறுவர்களுக்கு, கர்நாடக இசைப் பாடல்களை இயற்றிய முத்துசுவாமி தீட்சிதரை அறிமுகப்படுத்த விரும்பும் பெற்றோர், ஆசிரியர், நூலகப் பொறுப்பாளர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் "1775-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார்" என்ற வாக்கியத்தில் தொடங்கி, தந்தை பெயர், குரு பெயர், விருதுகள், அற்புதங்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஒரு மனிதரின் பாடல் எதுவும் காதில் விழாத நிலையில் அவர் எப்போது பிறந்தார் என்று தெரிந்துகொள்ளச் சிறுவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆகவே இங்கே தரும் வரிசை வேறு. முதலில் மெட்டு, பிறகு ஊர், தாளம், சொல், அதற்குப் பின் காலம், வாழ்க்கை வரலாறு கடைசியில். ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 40 நிமிடம் போதும். வாரம் ஒன்று என்று வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் இடைப்பட்ட நாட்களில் மெட்டு அவர்கள் வாயில் தங்கிவிடும்.

1. முன்கூட்டியே தயார் செய்ய வேண்டியவை

முதல் தேவை ஒலிப்பதிவுகள். கச்சேரிப் பதிவுகளைத் தவிர்க்கவும். ஆலாபனை, நிரவல், கற்பனைஸ்வரம், தனி ஆவர்த்தனம் என்று கலைஞர்கள் மேடையில் விரித்துச் சேர்ப்பவை எல்லாம் சேர்ந்த பதிவில் பாடல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று புதியவர்களுக்குத் தெரியாது. கிருதியை, அதாவது இயற்றப்பட்ட பாடலை, மட்டும் பாடிய பதிவுகளையே தேர்ந்தெடுங்கள். தீட்சிதர் வீணை வாசித்தவர் என்பதால், ஒரே பாடலுக்கு ஒரு வாய்ப்பாட்டுப் பதிவும் ஒரு வீணைப் பதிவும் கிடைத்தால் எடுத்து வைக்கலாம்.

அடுத்து, ஆறுகளும் கடற்கரையும் மட்டும் வரைந்த இந்திய வரைபடம் ஒன்று, தமிழக வரைபடம் ஒன்று. மூன்றாவது, 90 செ.மீ. நீளமுள்ள ஒரு காகித நாடா. இது எதற்கு என்பது ஆறாம் படியில் தெரியும்.

நான்காவதுதான் பலர் விட்டுவிடுவது. ஒவ்வொரு அமர்வுக்கும் அரைப் பக்க அளவில், 150 சொற்களுக்கு மிகாமல், நீங்களே எழுதிய வாசிப்புப் பக்கம் ஒன்று வேண்டும். பெரியவர்களுக்கான நூலிலிருந்து பகுதிகளை நகலெடுத்துக் கொடுத்தால், "சாக்த உபாசகர்", "ஸமஷ்டி சரணம்" போன்ற சொற்களிலேயே பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். ஒரு பக்கத்துக்குப் புதுச்சொல் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

இந்தப் பக்கங்களை எப்போதும் கேட்ட பிறகுதான் வாசிக்கக் கொடுக்க வேண்டும். தீட்சிதரின் பாடல்கள் பெரும்பாலும் சமஸ்கிருதத்தில் உள்ளவை. தமிழ் எழுத்தில் 'குருகுஹ' என்று எழுதினால் இரண்டு ககரங்களையும் எப்படி ஒலிப்பது என்று எழுத்து காட்டாது. முதலில் வாசித்த பிள்ளை தவறான ஒலிப்பை மனத்தில் பதித்துக்கொண்டு, பிறகு பாடகர் பாடுவது வேறு சொல் என்று நினைத்துவிடும். காது முதலில் பழகிவிட்டால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

2. முதல் அமர்வு: பெயர் சொல்லாமல் ஒரு மெட்டு

தொடக்கத்துக்கு ஏற்றவை நோட்டுஸ்வரப் பாடல்கள். ஐரோப்பிய மெட்டுகளுக்குத் தீட்சிதர் சமஸ்கிருதச் சாகித்தியம் (பாடல் வரிகள்) இட்டவை இவை. ஏறக்குறைய 40 பாடல்கள் இவ்வகையில் கிடைத்துள்ளன. சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில், கமகம் என்ற ஸ்வர அசைவு இல்லாமல், நேரான ஸ்வரங்களாக அமைந்திருப்பதால் இசை கற்காத பிள்ளையும் இரண்டாம் முறை கேட்கும்போதே உடன் பாடிவிடும்.

'ச்யாமளே மீனாக்ஷி' என்ற பாடலை முதலில் ஒலிக்கவிடுங்கள். யாருடைய பாட்டு, எந்த மொழி என்று எதுவும் சொல்ல வேண்டாம். நட்சத்திரத்தைப் பற்றிய ஆங்கில மழலைப் பாட்டின் மெட்டு இது என்று பிள்ளைகளே கூவுவார்கள். அந்தக் கூச்சலுக்காகவே இந்தப் பாடலை முதலில் வைக்கிறோம். தமக்குத் தெரிந்த ஒன்று இதற்குள் எப்படி வந்தது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே பிறக்க வேண்டும்.

அடுத்து 'ஸந்ததம் பாஹிமாம்'. இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டு இது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது. அந்த மெட்டை வாத்தியத்தில் மட்டும் முதலில் ஒலிக்கவிட்டு, பிறகு பாடலைக் கேட்கச் செய்து, இரண்டும் ஒன்றா என்று கேளுங்கள்.

இங்கே நேரும் தவறு ஒன்று உண்டு. ஆர்வத்தில் பலர் இந்த நிலையிலேயே ஒரு கனமான கிருதியையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். நேரான மெட்டுக்குப் பழகிய காதுக்கு, அடுத்த நிமிடமே சௌக்க காலத்தில் (மிக மெதுவான நடையில்) கமகம் நிறைந்து நகரும் பாடல் வெறும் இழுப்பாகத்தான் கேட்கும். நோட்டுஸ்வரத்தோடு அன்றைய அமர்வை முடித்துவிடுங்கள்.

3. அந்த மெட்டு வந்த வழி

இரண்டாம் அமர்வில் முதல் வாசிப்புப் பக்கத்தைக் கொடுக்கலாம். அதில் மூன்று செய்திகள் மட்டும் போதும். தீட்சிதர் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வரின் ஆதரவில் வாழ்ந்தது. முதலியார் குடும்பத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு தொடர்பு இருந்ததால், புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் வாத்தியக் குழு வாசிப்பதைச் சகோதரர்கள் கேட்க முடிந்தது. தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவரானார்.

இந்த இடத்தில் ஏதேனும் ஒரு கர்நாடகக் கச்சேரியின் படத்தைக் காட்டி, இதில் வெளிநாட்டிலிருந்து வந்த கருவி எது என்று கேட்டுப் பாருங்கள். பலர் தம்புராவையோ கடத்தையோ காட்டுவார்கள். பக்கவாத்தியமாகத் தரையில் அமர்ந்து வாசிக்கப்படும் வயலின்தான் விடை என்றதும், 'காலம்' என்பது தேதிப் பட்டியலைத் தாண்டிய ஒன்று என்று அவர்களுக்குப் புரியத் தொடங்கும்.

4. வரைபடம்

தீட்சிதரை அறிமுகப்படுத்துபவருக்கு வாய்த்த பெரும் வசதி, அவர் பாடல்களிலேயே ஊர் இருப்பது. ஒரு தலத்துக்குச் சென்று, அங்குள்ள இறைவன் பெயர், தீர்த்தம், மரம் ஆகியவற்றைச் சாகித்தியத்தில் வைத்துப் பாடியவர் அவர். ஆகவே பாடல்களைக் கொண்டே அவர் நடந்த வழியை வரைந்துவிடலாம்.

முதலில் ஐந்து புள்ளிகள். பஞ்சபூதத் தலங்களுக்கு அவர் பாடிய ஐந்து கிருதிகள் இதற்குப் பொருத்தம். காஞ்சிபுரத்துக்கு 'சிந்தய மாகந்த' (பைரவி ராகம்), திருவானைக்காவுக்கு 'ஜம்பூபதே' (யமுனா கல்யாணி), திருவண்ணாமலைக்கு 'அருணாசலநாதம்' (சாரங்கா), காளஹஸ்திக்கு 'ஸ்ரீ காளஹஸ்தீச' (உசேனி), சிதம்பரத்துக்கு 'ஆனந்த நடன ப்ரகாசம்' (கேதாரம்). ஒவ்வொன்றிலும் முதல் ஒரு நிமிடம் ஒலித்தால் போதும். ஊரின் பெயரோ சாயலோ காதில் விழுந்தவுடன் கையை உயர்த்தி, வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். 'ஜம்பூ' என்பது நாவல் மரம், திருவானைக்காவின் தலமரம், என்று குறிப்பு கொடுத்து உதவலாம்.

பிறகு நீண்ட கோடு. இளமையில் சிதம்பரநாத யோகி என்பவருடன் தீட்சிதர் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கினார். தமிழகத்திலிருந்து காசி ஏறத்தாழ 2,000 கி.மீ. அன்று ரயில் கிடையாது. நாளொன்றுக்கு 25 கி.மீ. நடந்தால் எத்தனை நாள் ஆகும் என்று பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லுங்கள். ஓய்வே இல்லாமல் 80 நாள் என்று விடை வரும். அதன் பிறகு, வடநாட்டு இசையின் சாயலுள்ள 'ஜம்பூபதே'யை மீண்டும் ஒருமுறை கேட்டால், அந்த நடையின் பயன் என்ன என்பதை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

கடைசியாக மூன்று ஊர்களைப் பெரிய புள்ளியாக வைக்கலாம். பிறந்த திருவாரூர். முதல் கிருதியான 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' (மாயாமாளவகௌளை) பிறந்த திருத்தணி. வாழ்வின் இறுதியில் சேர்ந்த எட்டயபுரம். எட்டயபுரம் என்றதும் பாரதியார் பெயரைப் பிள்ளைகளே சொல்வார்கள். அதை அப்படியே விட்டு வையுங்கள், எட்டாம் படியில் தேவைப்படும்.

5. தாளமும் வாரநாளும்

வாரநாட்களுக்கு உரிய ஏழு கிரகங்களின் மேல் தீட்சிதர் பாடிய கிருதிகள் ஏழும் ஏழு வெவ்வேறு தாளங்களில் அமைந்தவை. ஞாயிறு துருவம், திங்கள் மட்யம், செவ்வாய் ரூபகம், புதன் ஜம்பை, வியாழன் திரிபுடை, வெள்ளி அட, சனி ஏகம். இசை கற்காத பிள்ளைக்குத் தாளத்தைக் காட்ட இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

நாட்களின் வரிசையில் கற்பிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைப் பாடலான 'சூர்யமூர்த்தே' 14 எண்ணிக்கை கொண்ட தாளத்தில் இருக்கிறது. அதில் தொடங்கினால் எல்லோரும் தடுமாறுவார்கள். சனிக்கிழமையின் 'திவாகர தனுஜம்' நான்கு எண்ணிக்கை. அதில் தொடங்கி, ஆறு எண்ணிக்கை கொண்ட செவ்வாய்க்கிழமையின் 'அங்காரகம்', பிறகு ஏழு கொண்ட வியாழக்கிழமையின் 'ப்ருஹஸ்பதே' என்று ஏறிச் செல்லுங்கள். மற்ற நான்கையும் விரும்புகிறவர்கள் வீட்டில் முயலட்டும்.

இப்பாடல்களின் வேகம் மிகக் குறைவு என்பதால் பிள்ளைகள் எண்ணிக்கையில் முந்திக்கொண்டு ஓடுவார்கள். ஒருவர் தொடையில் தாளம் போட, மற்றவர்கள் எண்ணை மட்டும் வாய்விட்டுச் சொல்லும்படி பிரித்துவிட்டால் ஓட்டம் நிற்கும். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே மெல்லத் தலையசைக்கச் சொல்வதும் உதவும், இடைவெளிக்குள் காலம் நிரம்பியிருப்பதை உடல் உணர்ந்துகொள்ளும்.

ராகுவுக்கும் கேதுவுக்கும் பாடல் இல்லையா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அவையும் அவர் பெயரில் பாடப்படுகின்றன, ஆனால் பின்னாளில் சேர்ந்தவை என்று கருதும் அறிஞர்களும் உண்டு என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். ஏழாம் படிக்கு அது நல்ல முன்னோட்டம்.

6. ஒரு பாடலை அருகில் வைத்துப் பார்த்தல்

இப்போதுதான் ஒரு முழுக் கிருதியைக் கேட்க வேண்டும். 'வாதாபி கணபதிம்' இதற்குச் சரியானது. பலர் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள், வேகமும் மிதமானது.

பாடலின் முடிவுப் பகுதியை மட்டும் எழுதிக் கொடுங்கள்:

"கராம்புஜ பாச பீஜாபூரம் கலுஷ விதூரம் பூதாகாரம்
ஹராதி குருகுஹ தோஷித பிம்பம் ஹம்ஸத்வனி பூஷித ஹேரம்பம்"

இதில் மூன்று தேடல்கள் இருக்கின்றன. பாட்டின் சொற்கள் திடீரென இருமடங்கு நெருக்கமாக ஓடத் தொடங்குவது எங்கே? இவ்விரு வரிகளும்தான் அந்த மத்யமகாலப் பகுதி. தீட்சிதரின் கிருதிகளில் இது அடிக்கடி வரும். இயற்றியவர் தம் அடையாளமாகப் பாட்டில் வைக்கும் முத்திரைச் சொல் எது? 'குருகுஹ'. ராகத்தின் பெயர் எங்கே மறைந்திருக்கிறது? 'ஹம்ஸத்வனி'. இந்த ராகத்தை உருவாக்கியவர் என்று சொல்லப்படுபவர் தீட்சிதரின் தந்தை ராமசாமி தீட்சிதர் என்ற செய்தியை, மூன்றாவது விடை கிடைத்த பிறகு சொல்லுங்கள். அப்போது அது வெறும் குடும்பத் தகவலாக நிற்காது.

பொருள் சொல்லும்போது சொல்லுக்குச் சொல் உரை வேண்டாம். 'கராம்புஜ' என்றால் தாமரை போன்ற கை, 'ஹேரம்பம்' என்பது கணபதியின் பெயர். இப்படி நான்கைந்து சொற்கள் போதும். முழு உரையையும் மனப்பாடம் செய்யவைத்த இடங்களில் பாட்டே மறந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

'வாதாபி' என்ற சொல் பெரியவர்களை வேறு பாதைக்கு இழுக்கும். பல்லவர், சாளுக்கியர், படையெடுப்பு, பரஞ்சோதி என்று பேசத் தொடங்கினால், 7-ஆம் நூற்றாண்டில் போய் நின்றுவிடுவோம். திருவாரூர்க் கோயிலில் உள்ள கணபதியின் பெயர் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டுப் பாட்டுக்குத் திரும்புவது நல்லது.

இந்த அமர்வின் மீதி நேரத்தில் காகித நாடாவை எடுங்கள். ஓர் ஆண்டுக்கு ஒரு செ.மீ. என்று 1760 முதல் 1850 வரை குறித்துவிட்டு, மூன்று வண்ணப் பட்டைகள் ஒட்டுங்கள்: சியாமா சாஸ்திரி 1762 முதல் 1827 வரை, தியாகராஜர் 1767 முதல் 1847 வரை, தீட்சிதர் 1775 முதல் 1835 வரை. மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். 1775 முதல் 1827 வரை 52 ஆண்டுகள் மூவரும் ஒரே காலத்தில் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் அளவுகோலால் அளந்தே கண்டுபிடிக்கட்டும்.

பிறகு நிகழ்ச்சிகள். 1799-இல் இரண்டு குறிகள்: தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி தம் நாட்டு ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்த உடன்படிக்கை, கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது. 1806-இல் வேலூர்ப் புரட்சி. பீத்தோவன் 1770 முதல் 1827 வரை வாழ்ந்தவர் என்ற நான்காவது பட்டையையும் ஒட்டலாம். நாடாவின் வலது முனைக்கு வெளியே ஆறு செ.மீ. தள்ளி 1856 என்று மேசையிலேயே குறியுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட ஆண்டு அது. நான்காம் படியில் கணக்கிட்ட 80 நாள் நடை எதற்கு என்று அப்போது தெளிவாகும்.

நிகழ்ச்சிகளை ஐந்தாறுக்குள் நிறுத்துங்கள். தீட்சிதர் வாழ்வோடு தொட்டுச் செல்பவை மட்டும் போதும். அரசவை தவிர மணலி முதலியார் போன்ற கம்பெனித் தொடர்புள்ள செல்வர்களும், எட்டயபுரம் போன்ற ஜமீன்களும் இசைக்குப் புரவலர்களாக இருந்த காலம் அது என்பதே பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

7. வாழ்க்கைக் கதையும் அதைச் சொல்லும் முறையும்

இதுவே மிகக் கவனம் தேவைப்படும் படி. தீட்சிதரைப் பற்றிய கதைகள் அழகானவை. கங்கையில் இறங்கியபோது வீணை கிடைத்தது, திருத்தணியில் ஒரு முதியவர் வாயில் கற்கண்டு இட்டதும் பாட்டு பிறந்தது, எட்டயபுரம் செல்லும் வழியில் வறண்ட நிலத்தைக் கண்டு 'ஆனந்தாம்ருதாகர்ஷிணி' பாடியதும் மழை பெய்தது. இவற்றை மறைத்தால் பிள்ளைகள் வேறெங்கேனும் கேட்டு வந்து, ஏன் சொல்லவில்லை என்பார்கள். பதிவான வரலாறாகச் சொன்னாலோ, சற்று வளர்ந்ததும் எல்லாவற்றையுமே சந்தேகிப்பார்கள்.

ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் 'பாட்டிலோ ஆவணத்திலோ இருப்பது', மறு பக்கம் 'பரம்பரையாகச் சொல்லி வருவது' என்று தலைப்பிடச் சொல்லுங்கள். மழைக் கதையை எடுத்துக்கொள்வோம். பாடலின் இறுதியில் 'ஸலிலம் வர்ஷய வர்ஷய வர்ஷய', அதாவது 'நீரைப் பொழிவாய்' என்று மும்முறை வருகிறது. அம்ருதவர்ஷிணி என்ற ராகப் பெயரும் முதல் வரியிலேயே இருக்கிறது. மழை வேண்டிய பாடல் என்பது முதல் பக்கத்துக்குப் போகும். பாடியவுடன் பெய்தது என்பது இரண்டாம் பக்கத்துக்கு. இரண்டுமே தாளில் இருக்கும். ஒன்றை ஏளனம் செய்ய வேண்டியதில்லை.

நூல்களில் காணும் தீட்சிதர் உருவப்படங்களும் இரண்டாம் பக்கத்தைச் சேர்ந்தவையே. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல், அவர் மறைந்த நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. இதைச் சொன்னதும் பிள்ளைகள் நாடாவிடம் ஓடிச் சரிபார்ப்பார்கள்.

சீடர்களைப் பற்றிப் பேசுவதை விட்டுவிடாதீர்கள். நாட்டியத்துக்கு இன்றைய கச்சேரி வரிசையை வகுத்த தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். சுத்தமத்தளம் தம்பியப்பன் என்ற வாத்தியக் கலைஞரும், திருவாரூர் கமலம் என்ற நடனக் கலைஞரும் சீடர் வரிசையில் இருக்கிறார்கள். யார் கற்கலாம், யார் மேடையேறலாம் என்பதைப் பிறப்பும் பாலினமும் பெரிதும் தீர்மானித்த காலம் அது. பெண்கள் பாடினார்களா, ஆடினார்களா என்று பிள்ளைகள் கேட்கும்போது, நழுவாமல் இந்தப் பெயர்களோடு விடை சொல்ல முடியும்.

பக்திப் பாடல்கள் என்பதால் வேற்றுச் சமயப் பிள்ளைகள் ஒதுங்கி நிற்பதும் உண்டு. கோயில்தான் அன்று அவருக்குப் பள்ளியும் அரங்கும் ஊரின் நடுவிடமும் என்பதைச் சொல்லி, கேட்பதற்கு நம்பிக்கை நிபந்தனை அல்ல என்று முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும்.

8. பாடல் நம்மிடம் வந்து சேர்ந்த விதம்

ஒலிப்பதிவு இல்லாத காலத்துப் பாட்டு இன்று எப்படிக் கிடைக்கிறது என்ற கேள்விக்கு ஒரு முழு அமர்வு தேவை. பாலுசுவாமியின் வழியில் வந்த சுப்பராம தீட்சிதர், எட்டயபுரத்தில் 1904-இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலில் தீட்சிதரின் கிருதிகள் 200-க்கு மேல் ஸ்வரக் குறிப்போடு அச்சாயின. தீட்சிதர் மறைந்து 69 ஆண்டுகளுக்குப் பின். அதுவரை அவை குருவின் வாயிலிருந்து சீடரின் காதுக்குச் சென்றவை. சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது இரங்கற்பா எழுதியவர் அதே ஊரில் 1882-இல் பிறந்த பாரதியார். நான்காம் படியில் விட்டுவைத்த பெயரை இங்கே சேர்த்துவிடலாம்.

வாய்வழி வந்தது என்பதைக் காதால் உணர்த்த, ஒரே கிருதியை இரண்டு பாடகர்கள் பாடிய பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்கச் செய்யுங்கள். சங்கதி, அதாவது ஒரே வரியை மெட்டு மாற்றிப் பாடும் விதம், வேறுபடும், சில இடங்களில் சொல்லை இழுக்கும் விதமும் வேறுபடும். "எது சரி?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு குரு வழியிலும் பாடல் பாடப்பட்டு வரும் வடிவத்தைக் குறிக்கும் பாடாந்தரம் என்ற சொல்லை அறிமுகப்படுத்த இதுவே தருணம். முதல் அமர்விலேயே இதைச் செய்தால் குழப்பமே மிஞ்சும். ஒரு வடிவமாவது காதில் ஊறிய பிறகுதான் வேறுபாடு வேறுபாடாகத் தெரியும்.

9. பிள்ளைகள் எழுதட்டும்

முடிவில் வினாத்தாள் வேண்டாம். தம்மைவிட இரண்டு வயது சிறிய ஒருவருக்குத் தீட்சிதரை அறிமுகப்படுத்தி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நிபந்தனைகள் மூன்று: கேட்க வேண்டிய ஒரு பாடலின் பெயர் இருக்க வேண்டும், வரைபடத்தில் உள்ள ஓர் ஊர் இருக்க வேண்டும், கதை ஒன்றைச் சொன்னால் அது பரம்பரைச் செய்தி என்று குறிப்பிட வேண்டும். பிறந்த ஆண்டில் தொடங்கக் கூடாது என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால், எழுத்தில் உடனே உயிர் வருகிறது.

இதே பிள்ளைகளோடு மேலும் தொடர விரும்பினால் அடுத்து தியாகராஜரை எடுக்கலாம். அவருடைய பட்டை நாடாவில் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருக்கிறது. வரைபடத்தில் திருவையாறு என்ற ஒரே புள்ளியைப் புதிதாக வைத்தால் போதும். மொழி தெலுங்கு என்பதால், கேட்ட பிறகே வாசிப்பு என்ற முறையை அங்கும் அப்படியே பின்பற்றுங்கள்.